காந்தப் பள்ளிக்கூடம்: மதிப்பெண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் ஒருவருக்கு, மகளை ‘மேக்னட் ஸ்கூல்’ என்ற அரசு ஆரம்பப் பள்ளியில் சேர்க்கக் குலுக்கலில் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் இணையத்தில் அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு ஐந்து மதிப்பெண்தான். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கு ஒன்பது. எதில் சேர்ப்பது என்று கேட்டிருந்தார். உடனே ஒருவர் “அஞ்சுன்னா யோசிக்கவே வேண்டாம்” என்றார். இன்னொருவர் “மேக்னட்னா ஸ்பெஷல் ஸ்கூல், விடாதே” என்றார். கடைசியில் “சார் சொல்லட்டும்” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நான் வரலாற்று வாத்தியார். பானிப்பட்டுப் போரைப் பற்றிக் கேட்டால் அதற்கு நூறு வருஷம் முன்னால் ஆரம்பிப்பவன். இதற்கும் அப்படித்தான் ஆரம்பிக்கப்போகிறேன். ஏனென்றால் அந்த ஐந்துக்கும் ஒன்பதுக்கும் பின்னால் எழுபது வருஷத்துக் கதை இருக்கிறது. அது தெரியாமல் அந்த எண்ணைப் பார்த்தால் தப்பாகத்தான் புரியும்.

*டொபீகாவில் ஒரு சிறுமி*

1950-ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் டொபீகா என்ற ஊர். லிண்டா பிரவுன் என்ற கறுப்பினச் சிறுமி மூன்றாம் வகுப்பில் சேர வேண்டும். வீட்டிலிருந்து ஏழு தெரு தள்ளி சம்னர் ஆரம்பப் பள்ளி. அது வெள்ளையினக் குழந்தைகளுக்கானது என்று சொல்லி இடம் மறுத்துவிட்டார்கள். அவள் நடந்துபோய்ப் பேருந்து ஏறி, ஒரு மைலுக்கு அப்பால் இருந்த மன்ரோ பள்ளிக்குப் போக வேண்டும். அது கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளி.

அவளுடைய அப்பா ஆலிவர் பிரவுனும் வேறு பன்னிரண்டு பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். மற்ற சில மாநிலங்களின் வழக்குகளும் சேர்ந்து உச்ச நீதிமன்றம் போயின. 1954 மே 17 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில், பள்ளிகளை இனத்தால் பிரித்து வைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மன்ரோ பள்ளி மோசமான பள்ளி அல்ல. டொபீகாவில் இரண்டு வகைப் பள்ளிகளிலும் கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர்களின் தகுதி ஆகியவை ஏறக்குறைய சமம் என்றே கீழ் நீதிமன்றம் கண்டது. ஆக வழக்கின் மையம் மதிப்பெண் அல்ல. “நீ அங்கே உட்காரக்கூடாது” என்று ஒரு குழந்தையிடம் அரசாங்கம் சொல்லலாமா என்பதுதான் கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மதிப்பெண் எப்படி இதற்குள் நுழைந்தது என்று பார்ப்போம்.

ஆசிரியன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தீர்ப்புக்குப் பிறகு பள்ளிகளை இணைக்கும்போது தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளைத்தான் பெரும்பாலும் மூடினார்கள். அடுத்த பத்துப் பதினோரு ஆண்டுகளில் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்தார்கள். அவர்களுடைய வாத்தியார்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

*காந்தம் எப்படி வந்தது*

தீர்ப்பு வந்தது, மாற்றம் வரவில்லை. தென் மாநிலங்கள் பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தடித்தன. வடக்கிலும் மேற்கிலும் வேறு சிக்கல். அங்கே “கறுப்பினப் பள்ளி” என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் குடியிருப்புகளே பிரிந்து கிடந்தன. வீடு எங்கேயோ அங்கேதான் பள்ளி என்பது அமெரிக்க வழக்கம். தெரு பிரிந்திருந்தால் வகுப்பறையும் பிரிந்துதான் இருக்கும். நம் ஊரில் ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த காலத்தில் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்று உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் இது சட்டென்று புரியும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் வந்தன. ஒன்று, நீதிமன்றமே ஆணையிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பகுதிப் பள்ளிக்கு அனுப்புவது. 1971-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு அனுமதி தந்தது. 1974-ல் பாஸ்டன் நகரில் இதை நடைமுறைப்படுத்தியபோது பிள்ளைகள் வந்த பேருந்துகள் மீது கல்லெறிந்தார்கள். 

இன்னொரு வழி, கட்டாயம் இல்லாமல் ஆசை காட்டுவது. வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்ற துறைமுக நகரம். அங்கே மெக்கார்வர் ஆரம்பப் பள்ளியில் படித்தவர்கள் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினக் குழந்தைகள். 1968-ல் அந்தப் பள்ளியில் புதிய பாடமுறையைக் கொண்டுவந்து, நகரின் எந்தப் பகுதியிலிருந்தும் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று அறிவித்தார்கள். வெள்ளையினப் பெற்றோர் தாங்களாகவே பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். 1970-ல் கறுப்பினக் குழந்தைகளின் பங்கு மூன்றில் இரண்டுக்குக் கீழே வந்துவிட்டது. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த ஆண்டு, 1969-ல், பாஸ்டனில் ராக்ஸ்பரி பகுதியில் ட்ராட்டர் ஆரம்பப் பள்ளி இதே நோக்கத்தோடு தொடங்கியது. இரும்பை இழுக்கும் காந்தம்போல வேறு பகுதிப் பிள்ளைகளை இழுப்பதால் மேக்னட் என்று பெயர் வந்தது.

ஆக, முதல் இரண்டு மேக்னட் பள்ளிகளும் ஆரம்பப் பள்ளிகள்தான். “புத்திசாலிப் பிள்ளைகளுக்கான பள்ளி” என்று நம்மவர்கள் நினைப்பது பிற்காலத்து அர்த்தம். நுழைவுத் தேர்வு வைக்கும் மேக்னட் பள்ளிகளும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பப் பள்ளி அளவில் பெரும்பாலும் குலுக்கல்தான். 

1974-ல் இன்னொரு தீர்ப்பு வந்து எல்லாவற்றையும் மாற்றியது. டெட்ராய்ட் நகரப் பள்ளிகளில் பெரும்பான்மை கறுப்பினக் குழந்தைகள், சுற்றியிருந்த புறநகர்ப் பள்ளிகளில் வெள்ளையினக் குழந்தைகள். இரண்டையும் சேர்த்து ஒரு திட்டம் போடலாமா என்ற கேள்விக்கு, 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. புறநகரின் பள்ளி நிர்வாகம் தப்புச் செய்ததாக நிரூபிக்காத வரை அதை இழுக்க முடியாது என்பது காரணம். அன்றிலிருந்து புறநகருக்கு வீடு மாற்றிப் போய்விட்டால் நீதிமன்றத்தின் கை அங்கே நீளாது என்று ஆனது. நகரத்துக்கு மிச்சம் இருந்த வழிகளில் முக்கியமானது காந்தம்தான். 1976-ல் மத்திய அரசு இதற்குப் பணம் தர வழிசெய்தது. 1984-ல் இதற்கென்றே தனி நிதித் திட்டம் வந்தது. இன்றைக்கு மூவாயிரத்துக்கு மேற்பட்ட மேக்னட் பள்ளிகள், இருபத்தைந்து லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள்.

*கான்சாஸ் சிட்டியின் பாடம்*

காந்தத்தின் எல்லையைக் காட்டியது மிசௌரி மாநிலத்துக் கான்சாஸ் சிட்டி. 1980-களில் அங்கே ரஸல் கிளார்க் என்ற நீதிபதி, நகரத்தின் உயர்நிலைப் பள்ளிகள், நடுநிலைப் பள்ளிகள் அத்தனையையும் ஆரம்பப் பள்ளிகளில் பாதியையும் மேக்னட் ஆக்கச் சொன்னார். பணம் போதவில்லை என்றபோது உள்ளூர்ச் சொத்து வரியையே உயர்த்த ஆணையிட்டார். கோளரங்கம், 25 ஏக்கர் பண்ணை, மொழிபெயர்ப்புக் கருவிகள் பொருத்திய மாதிரி ஐ.நா. மன்றம், வானொலி தொலைக்காட்சி நிலையம் எல்லாம் பள்ளிகளில் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 200 கோடி டாலர் செலவானது.

எதிர்பார்த்த அளவுக்குப் புறநகர்ப் பிள்ளைகள் வரவில்லை. மதிப்பெண்ணும் பெரிதாக ஏறவில்லை. 1995-ல் உச்ச நீதிமன்றம், மீண்டும் 5-க்கு 4, நீதிபதி எல்லை மீறிவிட்டார் என்றது. தேர்வு மதிப்பெண் தேசிய சராசரிக்கு வரும்வரை மாநிலத்தைப் பிடித்து வைக்க முடியாது, மதிப்பெண்ணைப் பாதிக்கும் பல காரணங்கள் பள்ளிக்கு வெளியே இருக்கின்றன என்றும் சொன்னது. 2000-ல் அந்த நகரப் பள்ளி நிர்வாகம் மாநில அங்கீகாரத்தையே இழந்தது.

“பார்த்தீர்களா, பணத்தைக் கொட்டினாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு வராது” என்று இதை வைத்துப் பேசுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நான் இதை வேறு மாதிரிப் படிக்கிறேன். அங்கே திட்டம் போட்டவர்களின் கண் புறநகரில் இருந்த பிள்ளையின் மீது இருந்தது. அவனை இழுக்கக் கோளரங்கம் கட்டினார்கள். ஏற்கெனவே வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில் சரளமாக வாசிக்க வருகிறதா என்பது இரண்டாவது கேள்வியாகிவிட்டது. விருந்தாளிக்காக வீட்டை அலங்கரித்தார்கள். வீட்டுப் பிள்ளை சாப்பிட்டானா என்று கேட்க நேரமில்லை.

*ஹார்ட்ஃபர்டின் காலி நாற்காலி*

கனெக்டிகட் பணக்கார மாநிலம். அதன் தலைநகரான ஹார்ட்ஃபர்ட் ஏழை நகரம். 1989-ல் நான்காம் வகுப்பு மாணவன் மைலோ ஷெஃப் முதலிய குழந்தைகளின் பெயரில் மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நகரப் பள்ளிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகள். சுற்றுப் புறநகர்களில் நிலைமை தலைகீழ். 1996-ல் மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் இந்தத் தனிமை மாநில அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்றது. அதன் பிறகு ஹார்ட்ஃபர்டிலும் சுற்றுவட்டாரத்திலும் மேக்னட் பள்ளிகள் வரிசையாக வந்தன. புறநகர்ப் பிள்ளைகள் நகரத்துக்கு வந்து நகரப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தார்கள். இது பெரிய சாதனை. இன்றைக்கும் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்வது ஹார்ட்ஃபர்டைத்தான்.

ஆனால் ஒரு விதி இருந்தது. ஒரு மேக்னட் பள்ளியில் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் 75 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மீதி 25 சதவீதம் வெள்ளையினம், ஆசியர் போன்ற மற்றவர்கள். அந்த 25 சதவீதம் நிரம்பாவிட்டால்? இடம் காலியாகவே இருக்கும். வெளியே காத்திருப்போர் பட்டியலில் ஹார்ட்ஃபர்டின் கறுப்பினக் குழந்தை நிற்கும்.

லிண்டா பிரவுனை மறுபடி நினைத்துப்பாருங்கள். பிரித்து வைப்பதற்காக 1950-ல் அவளுக்கு இடம் மறுத்தார்கள். அறுபது ஆண்டு கழித்து, சேர்த்து வைப்பதற்காக வகுத்த விதியே வேறொரு கறுப்பினக் குழந்தையைக் காலி நாற்காலிக்கு வெளியே நிறுத்தியது. நோக்கம் நேர் எதிரானது என்பது உண்மை. வாசலில் நிற்கும் குழந்தைக்கு அந்த வேறுபாடு தெரியுமா? 2018-ல் கறுப்பினப் பெற்றோர் சிலர் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2020-ல் சமரசம் ஆகி, இனத்துக்குப் பதிலாகக் குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்ப்பது என்று மாற்றினார்கள். 2022 உடன்பாட்டில், விண்ணப்பிக்கும் ஹார்ட்ஃபர்ட் குழந்தைகளுக்கெல்லாம் போதுமான அளவுக்கு இடங்களைப் பெருக்க மாநில அரசு ஒப்புக்கொண்டது.

*நம் பிள்ளை எந்தக் கட்டத்தில்?*

அமெரிக்காவில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இந்தக் கணக்குகளில் ஒரு தமிழ்க் குழந்தை எங்கே விழும்?

ஹார்ட்ஃபர்டில் வெள்ளையினப் பிள்ளைகளோடு சேர்ந்து அந்த 25 சதவீதத்தில். சியாட்டில் நகரம் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கையில் ‘வெள்ளையர், வெள்ளையர் அல்லாதோர்’ என்று இரண்டே பிரிவு வைத்திருந்தது. அங்கே நாம் இரண்டாவது பிரிவு. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் ‘கறுப்பினம், மற்றவர்’ என்று இரண்டு பிரிவு. ஒரு பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகள் 15 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று விதி. அங்கே நாம் வெள்ளையரோடு ‘மற்றவர்’. அதே குழந்தை, அதே பெயர், அதே தயிர்சாத டப்பா. ஊருக்கு ஊர் கட்டம் மாறுகிறது.

சியாட்டில், லூயிவில் இரண்டின் வழக்கும் ஒன்றாக விசாரிக்கப்பட்டு 2007-ல் தீர்ப்பு வந்தது. தனி ஒரு மாணவனின் இனத்தைப் பார்த்து இந்த விதத்தில் இடம் ஒதுக்குவது கூடாது என்று 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் பல ஊர்கள் வருமானம், பெற்றோரின் படிப்பு, குடியிருக்கும் பகுதி என்று வேறு அளவுகோல்களுக்குப் போயின.

பள்ளி அறிக்கைகளில் ‘ஏசியன்’ என்று ஒரு வரிசை இருக்கும். அதில் மென்பொருள் பொறியாளரின் மகனும் இருப்பான், அகதியாக வந்த கம்போடியக் குடும்பத்தின் பேரனும் இருப்பான். “ஏசியன் குழந்தைகள் நன்றாகப் படிக்கிறார்கள்” என்று அந்த வரிசையைப் பார்த்துப் பெருமைப்படுவதற்கு முன், நம்மில் பலர் அங்கே போனதே பட்டத்தை வைத்து வடிகட்டி எடுக்கப்பட்டுத்தான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

*இப்போது கரும்பலகைக்கு வாருங்கள்*

1966-ல் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளர் தலைமையில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை வந்தது. மாணவர்களின் தேர்ச்சி வேறுபாட்டில், பள்ளிக் கட்டடம், செலவு ஆகியவற்றைவிடக் குடும்பப் பின்னணியின் பங்கு பெரியது என்றது. கூடப் படிப்பவர்கள் யார் என்பதும் பாதிக்கிறது என்றது. அறுபது ஆண்டுகளாக அதன் மீது விவாதம் நடக்கிறது. ஆனால் அடிப்படை விஷயத்தை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவோம். ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண், அந்தப் பள்ளி என்ன செய்தது என்பதைச் சொல்வதற்கு முன் அதன் வாசலில் யார் நுழைந்தார்கள் என்பதைச் சொல்கிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். இரண்டு பள்ளிகள், ஒவ்வொன்றிலும் நூறு பிள்ளைகள்.

முதல் பள்ளியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் 80, ஏழைப் பிள்ளைகள் 20. வசதியானவர்களில் 85 சதவீதம் தேர்ச்சி, அதாவது 68 பேர். ஏழைகளில் 40 சதவீதம், அதாவது 8 பேர். மொத்தம் 76.

இரண்டாவது பள்ளியில் வசதியானவர்கள் 30, ஏழைகள் 70. வசதியானவர்களில் 90 சதவீதம் தேர்ச்சி, 27 பேர். ஏழைகளில் 50 சதவீதம், 35 பேர். மொத்தம் 62.

எந்தப் பள்ளி நல்ல பள்ளி? வசதியான வீட்டுப் பிள்ளையும் இரண்டாவது பள்ளியில்தான் நன்றாகப் படிக்கிறான். ஏழைப் பிள்ளையும் அங்கேதான் நன்றாகப் படிக்கிறான். ஆனால் பேப்பரில் 76 முன்னால் நிற்கும், 62 தலைகுனிந்து நிற்கும்.

இன்னொரு கணக்கு. சில இடங்களில் முழுப் பள்ளியும் மேக்னட் அல்ல. ஒரே கட்டடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, மேக்னட் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு. முதல் பிரிவில் 300 பேர், 40 சதவீதம் தேர்ச்சி. இரண்டாவதில் 200 பேர், 90 சதவீதம் தேர்ச்சி. பள்ளியின் கணக்கு 60 சதவீதம் என்று வரும். அந்த 60 எந்த வகுப்பறையின் நிலைமையும் அல்ல. ‘எல்லா இனமும் கலந்த பள்ளி’ என்ற பெயரும் அப்படியே. வாசல் ஒன்று, வகுப்பறை இரண்டு என்றால் கலப்பு எங்கே நடந்தது?

இந்த மறைப்பை ஓரளவு நீக்கியது 2002-ல் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ என்ற சட்டம். அதில் குறைகள் நிறைய. பள்ளிகளைத் தேர்வுக்கு மட்டுமே உழைக்கவைத்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் ஒரு நல்லது செய்தது. ஒவ்வொரு இனம், ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்கள், மாற்றுத்திறன் பிள்ளைகள் என்று தனித்தனியாக முடிவுகளை வெளியிட வேண்டும் என்றது. சராசரிக்குள் ஒளிந்திருந்தவர்கள் வெளியே தெரிந்தார்கள்.

ஆரம்பப் பள்ளிக்கு இன்னொரு விசேஷம் உண்டு. மாநிலத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்போடு பல பள்ளிகள் முடிந்துவிடும். ஒரு பிள்ளை எவ்வளவு முன்னேறினான் என்று பார்க்க, மூன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து ஐந்து என்று இரண்டே தாவல்தான் கிடைக்கும். அரிச்சுவடி கற்பித்த ஆசிரியையின் உழைப்பு அந்தக் கணக்கில் வராது.

ஏழைகளை எண்ணும் விதமும் அப்படித்தான். வறுமைக் கோட்டைப்போல் 1.3 மடங்கு வருமானம் வரை இலவச மதிய உணவு, 1.85 மடங்கு வரை சலுகை விலை. இந்தப் பட்டியலைத்தான் பல காலம் ‘ஏழைப் பிள்ளைகள்’ என்று எண்ணினார்கள். இப்போது ஏழைகள் அதிகமுள்ள பள்ளிகளில் எல்லோருக்குமே இலவச உணவு தர வழி இருக்கிறது. சாப்பாட்டுக்கு அது நல்லது. கணக்கு மட்டும் கலங்கிப்போகும்.

நம் ஊரில் நான் பார்த்ததும் இதுதான். சில தனியார் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பில் தேறாத பிள்ளைகளை டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டுப் பத்தாம் வகுப்பில் ‘நூற்றுக்கு நூறு தேர்ச்சி’ என்று பேனர் கட்டும். அந்தப் பிள்ளைகள் நம் பள்ளிக்கு வருவார்கள். ஆய்வுக் கூட்டத்தில் நம்முடைய சதவீதத்தை வாசித்து ஏன் குறைந்தது என்று கேட்பார்கள். எங்கிருந்து வந்த பிள்ளைகள் என்று கேட்க மாட்டார்கள். அப்படி வந்து நம்மிடம் தேறிப் போனவர்கள் சிலர் இந்தப் பதிவையும் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். யாருடைய பேனரிலும் உங்கள் எண் ஏறவில்லை. உங்களை எண்ணி நான் பெருமைப்படாத நாள் இல்லை.

*அப்படியானால் கலந்து படித்தால் பயன் உண்டா?*

உண்டு என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. மேக்னட் பள்ளியை நியாயமாகச் சோதிக்க ஒரு வழி, குலுக்கலில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிடுவது. விண்ணப்பித்தவர்கள் எல்லோரும் அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள்தானே. கனெக்டிகட்டில் இந்த முறையையும் பயன்படுத்தி 2009-ல் வெளிவந்த ஆய்வு, நகரப் பிள்ளைகளுக்கு மேக்னட் உயர்நிலைப் பள்ளிகளில் கணக்கிலும் வாசிப்பிலும், நடுநிலைப் பள்ளிகளில் வாசிப்பிலும் முன்னேற்றம் கண்டது. அது மேல் வகுப்புகளைப் பற்றியது. ஆரம்பப் பள்ளிக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது.

இன்னும் நீண்ட கணக்கு ஒன்று உண்டு. ரக்கர் ஜான்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியர், பள்ளிகள் இணைக்கப்பட்ட காலத்துப் பிள்ளைகளை வளர்ந்து ஆளாகும்வரை பின்தொடர்ந்த தரவுகளை ஆராய்ந்தார். கலந்த பள்ளியில் அதிக ஆண்டுகள் படித்த கறுப்பினக் குழந்தைகள் பின்னாளில் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள், சிறைக்குப் போவது குறைந்தது, உடல்நலமும் மேம்பட்டது. வெள்ளையினக் குழந்தைகளுக்கு எந்த நட்டமும் இல்லை. இணைப்பு வந்த இடங்களில் பள்ளிக்குச் செலவிட்ட பணமும் கூடியது, வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது என்பது அதில் முக்கியமான காரணம். தேசிய மதிப்பீட்டில் 13 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பில் கறுப்பினத்துக்கும் வெள்ளையினத்துக்கும் இருந்த இடைவெளி 1971-ல் 39 புள்ளி. 1988-ல் 18 புள்ளி. பள்ளி இணைப்பு உச்சத்தில் இருந்த காலம் அது. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தற்செயல் என்றும் சொல்ல மாட்டேன்.

டொபீகாவின் கதையும் மேக்னட் பள்ளியில்தான் வந்து முடிந்தது. பிரித்து வைப்பது இன்னும் தீரவில்லை என்று 1979-ல் அந்த வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. இந்த முறை லிண்டா தாயாக வந்து நின்றார். 1990-களில் அந்த நகரம் சில பழைய பள்ளிகளை மூடிவிட்டு, அறிவியல், நுண்கலை, கணினி என்று இரண்டு மேக்னட் ஆரம்பப் பள்ளிகளைத் திறந்தது. 1999-ல்தான் வழக்கு முடிந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமிக்கு அப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது.

*எண்ணைப் பார்க்கும் முன் கேளுங்கள்*

இடம் கிடைத்தவரும் இனி பள்ளி தேடப்போகிறவர்களும் இந்தக் கேள்விகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

1. முழுப் பள்ளியும் மேக்னட்டா, கட்டடத்துக்குள் ஒரு பிரிவு மட்டுமா? ஒரு பிரிவு என்றால் மற்றப் பிரிவுப் பிள்ளைகளோடு எப்போது சேர்ந்து உட்காருகிறார்கள்?

2. சேர்க்கை குலுக்கலா, தேர்வா? தேர்வு வைத்து எடுத்தால் உயர்ந்த மதிப்பெண் அதிசயம் அல்ல.

3. மொத்தச் சதவீதத்தை விடுங்கள். ஏழைப் பிள்ளைகளின் முடிவை அடுத்த பள்ளியின் ஏழைப் பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். உங்கள் பிள்ளையைப் போன்றவர்களை அதே போன்றவர்களோடு ஒப்பிடுங்கள்.

4. வளர்ச்சி எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

5. ஒரு நாள் நேரில் போங்கள். மூன்றாம் வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளையிடம் ஆசிரியை எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். எந்த இணையதளத்திலும் அதற்கு எண் இல்லை.

இத்தனையும் பார்த்த பிறகு அந்த ஒன்பது மதிப்பெண் பள்ளியே பொருத்தம் என்று தோன்றினால் அதில் சேருங்கள். தூரம், பேருந்து, வேலை நேரம் எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். ஐந்தைப் பார்த்ததும் பயந்து ஓட வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. பெற்றோர் எல்லோரும் ஒன்பதைத் தேடி ஓடுவதால்தான் அந்தப் பகுதியில் வீட்டு விலை ஏறுகிறது. விலை ஏறியதால் ஏழைகள் அங்கே வர முடிவதில்லை. அவர்கள் வராததால் ஒன்பது ஒன்பதாகவே இருக்கிறது. அந்தச் சுற்றை உடைக்கத்தான் 1968-ல் டகோமாவில் ஒரு ஆரம்பப் பள்ளியின் கதவை எல்லோருக்கும் திறந்தார்கள்.

மாறுபட்ட கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் போலவே ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசினால் போதும். உறவினர்கள், ‘இதெல்லாம் உனக்கு எதற்கு’ என்று கேட்பதாக இருந்தால் தனியாகப் போன் செய்யுங்கள்!

எல்லோரும் நலமாக இருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.